மேல் வீட்டு மாஸ்டர் நடக்கிறார்

காலை ஐந்தே முக்காலுக்கு என் தலைக்கு மேல் மாஸ்டர் புறப்படுகிறார். படுக்கையறைச் சுவரிலிருந்து சமையலறை வாசல் வரை பதினான்கு எட்டு. அங்கே இடது காலை ஊன்றித் திரும்புவார். அந்த இடத்தில் மட்டும் ரப்பர் அடி தரையில் தேய்ந்து 'சர்க்' என்று ஒலிக்கும். மறுபடி பதினான்கு எட்டு. பத்துச் சுற்றுக்கு ஒரு முறை ஏதோ ஒரு பழைய பாட்டின் முதல் அடி கேட்கும். இரண்டாவது சொல்லிலேயே மூச்சு வாங்கி அறுந்துபோகும். அறுந்ததும் நடையில் உற்சாகம் கூடும். வீட்டுக்குள் கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு நடக்கிற வேறு மனிதரை நான் பார்த்ததில்லை. இவரையும் ரொம்ப நாள் பார்க்கவில்லை, கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

மாஸ்டர் கார் ஓட்டக் கற்றுத்தருகிறவர். வயது அறுபத்து மூன்று. முப்பத்தொரு வருடமாக ஒரே டிரைவிங் ஸ்கூலில், ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கிறார். அவர் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. அதனால் மாணவர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'ரெண்டாவது பிரேக்'. அவருக்கும் தெரியும், கோபமில்லை. "முதல் பிரேக்க நம்பி நான் என்னிக்குமே உக்காந்ததில்ல சார்" என்பார். பாடம் சொல்லும் விதமே தனி. "கிளட்ச்ச எப்படி விடணும்னா, சொந்தக்காரங்கள விடுற மாதிரி. மெதுவா. அவங்களுக்கே தெரியக் கூடாது." "முன்னாடி போறவன் புத்திசாலின்னு நெனைச்சு ஓட்டாதீங்க. நாமளே இல்ல, அவன் எப்படி?"

எதிலும் அவருக்கு இரண்டு வேண்டும். சட்டைப் பையில் இரண்டு பேனா, பேன்ட் பையில் இரண்டு கைக்குட்டை, பையில் மாற்று மூக்குக்கண்ணாடி. குடை எடுத்துப்போகும் நாளில் மழைக்கோட்டும் எடுத்துப்போவார். பஸ்ஸில் ஏறினால் ஓட்டுநருக்கு நேர் பின்னால்தான் உட்காருவார். அந்த ஆளின் தலை சற்றுத் தாழ்ந்தால் இவர் பெரிதாகத் தொண்டையைச் செருமுவார். நல்ல நாளிலேயே உலகத்தைக் கவலையோடு பார்க்கிற மனிதர் அவர்.

நான் பாடநூல்களுக்கு மெய்ப்புத் திருத்துகிறவன். காலையில்தான் என் கண்ணும் மூளையும் ஒத்துழைக்கும். மூன்று வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் மாடி ஏறினேன். மாஸ்டரின் மனைவி கதவைத் திறந்தார். கூடத்தின் நடுவில் தோளில் துண்டோடு, வியர்த்து, நிறுத்திய இடத்திலேயே நின்றிருந்தார் மாஸ்டர்.

"தப்பா நெனைக்காதீங்க மாஸ்டர். காலைல நடக்கிறீங்களே..."

அவர் மனைவியைப் பார்த்தார். பிறகு என்னருகே வந்து குரலைத் தாழ்த்தினார். "என்ன பண்றது சார், கீழ கொஞ்சம் பிரச்சனை."

"ஆமா மாஸ்டர். கீழதான் பிரச்சனை. ஒரு வரி படிக்க முடியல."

மாஸ்டரின் முகம் வெளிறிவிட்டது. "உங்களுக்குமா?" என்றார். "உங்களுக்கு அவ்வளவு வயசு ஆகலையே!"

அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் நுழைந்துகொண்டார். உள்ளே பாத்திரம் ஒன்று விழுந்தது. நாங்கள் இருவரும் பேசிக்கொண்டது வேறுவேறு 'கீழ்' என்று எனக்குப் புரிய அரை நிமிடம் ஆனது. அவருக்கு இன்னும் கொஞ்சம் கூட. பிறகு, "உக்காருங்க சார், பாதி சொல்லிட்டேன், மீதியையும் சொல்லிடறேன்" என்றார்.

டிரைவிங் ஸ்கூலில் வருடம் ஒரு முறை உடம்பைச் சோதிப்பார்கள். அதில் ரத்தத்தில் ஒரு எண் கூடுதலாக வந்தது. ஸ்கேன் எடுத்தார்கள். ஊசியால் சதை எடுத்துப் பார்த்தார்கள். புராஸ்டேட்டில் புற்றுநோய், ஆரம்ப நிலை. அந்தச் சொல்லை அவர் சொல்லவில்லை. 'அது' என்றார். கதை முழுவதும் 'அது'தான்.

"ஆபரேஷன்?"

"இப்ப வேண்டாங்கிறாங்க. மருந்துகூட இல்ல. எப்படிச் சொல்றது... பின்னாடி ஒரு வண்டி வருது சார். ரொம்ப தூரத்துல, ரொம்ப மெதுவா. நம்மள முந்தாமலே போனாலும் போயிடுமாம். கண்ணாடியில பாத்துக்கிட்டே ஓட்டணும், அவ்வளவுதான். ஆறு மாசத்துக்கு ஒரு தடவ ரத்தம் எடுத்துப் பாப்பாங்க. வேகம் புடிச்சு வந்தா அப்ப யோசிக்கலாமாம்."

"நல்ல சேதிதானே மாஸ்டர்?"

"நல்ல சேதிதான்" என்று துண்டால் கழுத்தைத் துடைத்தார். "ஆனா நான் கண்ணாடியவே பாத்துக்கிட்டு இருக்கேன். முன்னாடி ரோடு தெரிய மாட்டேங்குது."

நடக்கச் சொன்னது டாக்டர். வாரத்துக்கு இரண்டரை மணி நேரம், வேகமாக. எவ்வளவு வேகம் என்று இவர் விடாமல் கேட்டிருக்கிறார். 'பேச முடியணும், பாட முடியக் கூடாது, அதுதான் சரியான வேகம்' என்றாராம் டாக்டர். அதனால்தான் அந்தப் பாட்டு. முழு வரி வந்துவிட்டால் வேகம் போதவில்லை என்று பொருள், அறுந்தால் திருப்தி. பாட்டு பாழாவதற்காகவே பாடுகிற ஒரே மனிதர்.

"அதுக்கு வெளியில நடக்கலாமே?"

"எங்க நடக்கிறது? இந்தச் சுத்துவட்டாரத்துல பாதிப் பேருக்கு நான்தான் ஸ்டியரிங் புடிச்சுக் கொடுத்தேன். ரோட்டுல இறங்கினா, 'என்ன மாஸ்டர், சுகரா?'ம்பாங்க. ஆமான்னா பொய். இல்லன்னா அடுத்த கேள்வி வரும். அது எந்த இடத்துல இருக்குன்னு பொம்பளப் பிள்ளைங்ககிட்ட எப்படிச் சொல்லுவேன்?"

வெளியூரில் இருக்கும் மகளுக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் மூன்று பேர்: டாக்டர், மனைவி, இப்போது நான். என் வேலையை ஏழு மணிக்கு மாற்றி வைத்துக்கொண்டேன்.

மாஸ்டரின் மனைவி வீட்டிலேயே துணி திருத்தித் தைப்பவர். பேன்ட்டின் இடுப்பைப் பிடிப்பது, சட்டைக் கையைக் குறைப்பது. முழங்கால் வலியால் அவரால் அதிகம் நடக்க முடியாது. கணவர் நடக்கும்போது தையல் மெஷினுக்கு முன்னால் இரண்டு கிண்ணங்களோடு உட்கார்ந்துவிடுவார். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கிண்ணத்திலிருந்து ஒரு பட்டனை எடுத்து அடுத்த கிண்ணத்தில் போடுவார். நூறு பட்டன் முடிந்தால் மாஸ்டர் உட்காரலாம். ஒருநாள் நான் போயிருந்தபோது, "எத்தனை ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே திரும்பினார் மாஸ்டர். "அறுபத்திரெண்டு." "இல்லையே, அறுபத்தஞ்சு இருக்குமே." "பட்டனுக்குப் பொய் சொல்லத் தெரியாது, நடங்க" என்றார் அந்த அம்மா.

முதல் எண் ஐந்து புள்ளி ஆறு. மாஸ்டர் அந்த எண்ணை அடாவடி வாடகைக்காரர் ஒருவராகவே நினைத்துப் பேசுவார். "நாலுக்குக் கீழ கொண்டு போயிடணும் சார். விட்டா மேல ஏறி உக்காந்துக்கும்." ஒவ்வொரு சுற்றும் அந்த எண்ணைக் கொஞ்சம் கீழே தள்ளுகிறது என்று நம்பினார். தலைவலி வந்தாலும் நடந்தார். காய்ச்சலில் ஒருநாள் நடக்கவில்லை. மறுநாள் இருநூறு பட்டன்.

ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் இடத்தில் ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் அவருக்குப் பழக்கமானார். அவருக்கும் 'அது'தான். "நடையா?" என்று அந்த மனிதர் உதட்டைப் பிதுக்கினாராம். "நடை என்னத்துக்கு ஆகும்? சைக்கிள் மிதிங்க. நான் மிதிக்கிறேன், பாருங்க தொடைய." தொடையைப் பார்த்தாரோ இல்லையோ, அடுத்த வாரமே யாரோ விட்டுப்போன ஒரு உடற்பயிற்சி சைக்கிள் எங்கள் கட்டிடத்துக்கு வந்தது. மூன்று பேர் சேர்ந்து தூக்கி மாடி ஏற்றினோம். நகராத சைக்கிளின் ஹேண்டிலில்கூட பிரேக் இருக்கிறதா என்று இவர் முதலில் பார்த்தார்.

அதிலிருந்து காலையில் நடை, மாலையில் 'உர்ர்' என்ற ஓசை. ஐந்து மாதம் ஓடியது. ரத்தம் கொடுக்க வேண்டிய நாள் வந்தது. அன்று காலை ஐந்து மணிக்கே மேலே 'உர்ர்' கேட்டது. நின்றபாடில்லை. பரீட்சைக்குப் போகிற பையன் வாசலில் நின்று கடைசிப் பக்கத்தைப் புரட்டுவது போல, மாஸ்டர் முக்கால் மணி நேரம் மிதித்துவிட்டு, குளித்து, நேரே போய்க் கையை நீட்டியிருக்கிறார்.

இரண்டு நாள் கழித்து என் கதவைத் தட்டினார். கையில் எட்டாக மடித்த ஒரு தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஏழு புள்ளி ஒன்பது" என்றார்.

தண்ணீர் கொடுத்தேன். டம்ளரை வாங்கி, குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"ஒரு சுத்துகூட விடல சார். ஒரு சுத்துகூட. விட்டிருந்தா, விட்டேன், அதான் ஏறிச்சுன்னு மனசத் தேத்திக்கலாம். எல்லாம் பண்ணியும் ஏறினா எங்க போய் நிக்கிறது?" பிறகு சட்டென்று, "எடுத்துடுங்கன்னு சொல்லப் போறேன். கண்ணாடியும் வேண்டாம், பின்னாடி வண்டியும் வேண்டாம்" என்றார்.

"டாக்டர் என்ன சொல்றாங்கன்னு கேட்டுட்டு..."

"எடுத்தா ரெண்டு விஷயம் போக வாய்ப்பிருக்காம். ஒண்ணு..." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "புருஷன் பொண்டாட்டி சமாசாரம், இந்த வயசுல போனா போகட்டும். இன்னொண்ணு, ஒண்ணுக்கு அடக்க முடியாமப் போறது. எல்லாருக்கும் இல்லையாம், கொஞ்ச நாள்ல சரியாகவும் ஆகுமாம். ஆனா எனக்கு உக்காந்து பாக்கிற தொழில் சார். பக்கத்துல ஒரு காலேஜ் பொண்ணு ஸ்டியரிங்கப் புடிச்சுக்கிட்டு நடுங்கிக்கிட்டிருக்கும்போது, நான் சீட்டப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்க முடியுமா?"

தாளை மறுபடி மடித்துச் சட்டைப் பைக்குள் தள்ளினார். "வீட்டுல சொல்லல. ரிப்போர்ட் இன்னும் வரலன்னு சொல்லியிருக்கேன். நீங்களும் அப்படியே சொல்லுங்க."

டாக்டரிடம் நானும் கூடப் போனேன். அவர் ஒரு பெண்மணி. நாற்பது வயது இருக்கும், நிதானமான குரல். தாளைப் பார்த்தார், பழைய தாளைப் பார்த்தார், மாஸ்டரைப் பார்த்தார்.

"ரத்தம் கொடுக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு நாள்ல காய்ச்சல், எரிச்சல் ஏதாவது?"

"இல்ல டாக்டர்."

"சைக்கிள் ஓட்டினீங்களா?"

மாஸ்டர் என்னைப் பார்த்தார். சோதனை அதிகாரி முன்னால் தவறான கியரைப் போட்டுவிட்ட மாணவனின் பார்வை அது. "ஓட்டல டாக்டர். அது நிக்கிற சைக்கிள்."

"எவ்வளவு நேரம்?"

"முக்கால் மணி. அன்னிக்குக் காலைல. அதுக்கு முதல் நாள் ஒரு மணி."

டாக்டர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்தது. "அந்த சீட் அழுத்தினா இந்த எண் சில பேருக்குத் தற்காலிகமா ஏறும். அதனாலதான் ஏறிச்சுன்னு இப்ப நான் சொல்ல மாட்டேன், இல்லன்னும் சொல்ல மாட்டேன். ஆறு வாரம் போகட்டும், திரும்ப ரத்தம் எடுப்போம். எடுக்கிறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி சைக்கிள் வேண்டாம். நடக்கிறத விடாதீங்க. வெட்டி எடுக்கிற பேச்ச அதுக்கப்புறம் பேசலாம்."

ஆறு வாரம். அந்த ஆறு வாரம் மாஸ்டருக்கு எப்படிப் போனது என்று எனக்குக் கூரை வழியாகவே தெரியும். 'உர்ர்' நின்றுபோனது. நடை மட்டும் நடந்தது; ஆனால் பாட்டு இல்லை. சில நாள் நடு வழியில், ஏழெட்டு எட்டில் நின்றுவிடும். ஒரு நிமிடம் ஒன்றும் கேட்காது. நான் திருத்திக்கொண்டிருந்த பக்கத்தில் பேனாவை வைத்துவிட்டு அண்ணாந்து பார்ப்பேன். பிறகு எட்டு மறுபடி கேட்கும். வேலையிடத்தில் அவர் தேவையில்லாமல் பிரேக் போடுகிறார் என்று ஒரு மாணவி என்னிடமே சொன்னாள். அவள் என் அலுவலகத்துத் தோழியின் மகள். "வெறும் ரோடு அங்கிள். ஒரு பூனகூட இல்ல. டக்குனு பிரேக். கேட்டா, 'எதுக்கும் இருக்கட்டும்மா'ங்கிறாரு."

நான்காவது வாரம், திருத்தக் கொடுத்திருந்த என் பேன்ட்டை எடுத்துக்கொண்டு அவர் மனைவி படியிறங்கி வந்தார். ஒவ்வொரு படிக்கும் கைப்பிடியைப் பிடித்து, ஒரு காலை வைத்து, மறு காலைச் சேர்த்து.

"கூப்பிட்டிருந்தா நானே வந்திருப்பேனே அக்கா."

"அவரு காதுல விழுந்திருக்கும்." நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். "தம்பி, ஒண்ணு கேக்கிறேன். ஏழு புள்ளி ஒன்பதுன்னா ரொம்ப ஜாஸ்தியா?"

நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

"துடைச்சது போதும், சொல்லுங்க. சட்டைய துவைக்கிறது யாரு? நான்தானே? பாக்கெட்ல கை விட்டேன், இருந்துச்சு. துவைச்சு, இஸ்திரி போட்டு, திரும்ப அதே பாக்கெட்ல வெச்சிட்டேன். இப்படியே மூணு தடவ வெச்சாச்சு. அவரும் சட்ட மாத்தும்போதெல்லாம் அத எடுத்து அடுத்த சட்டையில போட மறந்துடறாரு. மறைக்கவும் தெரியல மனுஷனுக்கு."

சைக்கிள் விஷயத்தையும், டாக்டர் சொன்னதையும் சொன்னேன். அப்படியே கேட்டுக்கொண்டார். "அப்ப எறங்கலாம்."

"எறங்கலாம். எறங்காமலும் இருக்கலாம்."

"நீங்க கேட்டிருக்கலாமே அக்கா, அவர்கிட்டயே?" என்று நானே தொடர்ந்தேன்.

"கேட்டா, நான் பயந்துட்டேன்னு அவரு இன்னும் பயப்படுவாரு. அவரப் பத்தி உங்களுக்குத் தெரியாது. பயம் வந்தா மீசைய வெட்டுவாரு. பொண்ணு பொறந்தப்ப வெட்டி வெட்டி, கடைசில மீசையே இல்லாம ஆஸ்பத்திரிக்கு வந்தாரு. நர்ஸ் உள்ள விடல, புருஷன் வேற ஆளுன்னுட்டா." சிரித்தார், சிரிப்பு பாதியில் நின்றது. "இப்ப பாத்தீங்களா? பென்சில் கோடு மாதிரி ஆயிடுச்சு."

பார்த்திருந்தேன். வயதாகிறது, ஏதோ நாகரிகம் என்று நினைத்திருந்தேன்.

இரண்டாம் முறை ரத்தம் கொடுப்பதற்கு முந்தைய இரண்டு நாள் மேலே ஒரு சத்தமும் இல்லை. சைக்கிளைத்தான் டாக்டர் வேண்டாம் என்றார். மாஸ்டர் எதற்கும் இருக்கட்டும் என்று நடையையும் விட்டுவிட்டார். மர நாற்காலி அழுத்தும் என்று நின்றுகொண்டே சாப்பிட்டார் என்று பின்னால் தெரிந்தது. சத்தம் இருந்தபோது ஓடாத என் வேலை, சத்தம் இல்லாத அந்த இரண்டு நாளும் சுத்தமாகவே நின்றுபோனது.

போன வாரம் முடிவு வாங்கும் நாள். காலை ஒன்பது மணிக்கு நானும் மாஸ்டரும் கீழே இறங்கினோம். வாசல் கேட்டருகே, வெளியே போகிற உடையில், தோளில் பெரிய கைப்பையோடு அவர் மனைவி நின்றிருந்தார். எங்களுக்கு முன்பே, எப்போது இறங்கினாரோ.

"எங்க கிளம்பிட்ட?" என்றார் மாஸ்டர்.

"நீங்க போற எடத்துக்குத்தான்."

"நான் சார்கூட ஒரு வேலையா..."

"ஏழு புள்ளி ஒன்பது" என்றார் அந்த அம்மா. குரலை உயர்த்தவில்லை.

மாஸ்டர் கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டார். சட்டைப் பையைத் தொட்டார். என்னைப் பார்த்தார், நான் இல்லை என்று தலையசைத்தேன்.

"எவ்வளவு நாளா?"

"நீங்க எவ்வளவு நாளா சொல்லாம இருக்கீங்களோ, அவ்வளவு நாளா."

"முட்டி வலிக்குமே உனக்கு, அவ்வளவு தூரம்..."

"வீட்டுல உக்காந்திருந்தாலும் வலிக்குது. எழுந்திருங்க, நேரமாச்சு."

டாக்டரின் அறையில் இரண்டு நாற்காலிதான். நான் சுவரோரம் நின்றேன். டாக்டர் தாளைத் திருப்பி அவர்கள் பக்கம் தள்ளினார். "ஐந்து புள்ளி ஒன்பது."

அந்த அம்மா கண்ணை மூடித் திறந்தார். மாஸ்டர் மட்டும் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "முதல்ல ஐந்து புள்ளி ஆறு இருந்துச்சே டாக்டர். ஏறித்தானே இருக்கு?"

"இந்த அளவுக்கு ஏறும், எறங்கும். ஒவ்வொரு புள்ளிக்கும் பயந்தா வாழ முடியாது. ஆறு மாசம் கழிச்சு வாங்க."

"அப்ப நான் இவ்வளவு நாள் நடந்தது?"

"நடந்தா எண் எறங்கும்னு நான் சொல்லவே இல்லையே?" என்றார் டாக்டர். "உங்க நிலைமையில இருக்கிற நிறைய பேருக்கு ஆபத்து இதுல வர்றதில்ல. இதயத்துல வருது. அதுக்குத்தான் நடக்கச் சொன்னேன். நாளைக்கு ஏதாவது வைத்தியம் தேவப்பட்டா தாங்குற உடம்பும் வேணும். உங்க பிரஷர் குறைஞ்சிருக்கு. இடுப்பு ரெண்டு இஞ்ச் குறைஞ்சிருக்கு."

"ஆமா டாக்டர், நான்தான் பேன்ட் எல்லாத்தையும் பிடிச்சுத் தெச்சேன்" என்றார் அந்த அம்மா.

மாஸ்டருக்கு அது ஆறுதலாக இருந்ததா என்று தெரியவில்லை. இத்தனை மாதம் எதைத் தள்ளுகிறோம் என்று நினைத்துத் தள்ளினாரோ, அது அங்கேயேதான் நின்றது. "ஆறு மாசம்" என்று தனக்குள் ஒரு முறை சொல்லிக்கொண்டார். "அதுக்கு முன்னாடி ஏறினா எப்படித் தெரியும்?" என்றும் கேட்டார். டாக்டர் அதற்கும் பொறுமையாகப் பதில் சொன்னார்.

வெளியே வந்தோம். பஸ் நிறுத்தம் எதிரிலேயே இருந்தது. எங்கள் பக்கம் போகிற பஸ்ஸும் வந்து நின்றது. "ஏறலாமா?" என்றேன். "ஒரு நிறுத்தம் நடக்கலாம்" என்றார் அந்த அம்மா, மாஸ்டரைப் பார்க்காமல். மாஸ்டர் அவர் முழங்காலைப் பார்த்தார். பிறகு கையை நீட்டி அவர் தோளிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

நடந்தார்கள். நான் கொஞ்சம் பின்னால் தங்கிவிட்டேன். அவர் மனைவி ஒரு காலை வைத்து, மறு காலைச் சேர்த்தார். மாஸ்டர் ஒரு எட்டு வைத்து நின்றார். மனைவி வந்து சேர்ந்ததும் அடுத்த எட்டு. முழுப் பாட்டையே பாடக்கூடிய வேகம். எதிரே வந்த இரண்டு பேர் தோளில் பெண்கள் பையோடு வரும் மனிதரைத் திரும்பிப் பார்த்தார்கள், ஒருவன் "மாஸ்டர்!" என்று கையைக்கூட உயர்த்தினான். இவர் தலையை ஆட்டினார், நிற்கவில்லை.

மரநிழலில் மனைவி மூச்சு வாங்க நின்றபோது, மாஸ்டர் சட்டைப் பையிலிருந்து புதிய தாளை எடுத்தார். விரித்து ஒரு முறை படித்தார். மடித்து, மனைவியின் பையைத் திறந்து, உள்ளே வைத்து, ஜிப்பை மூடினார். இரண்டு எட்டு போனபின் நின்று, ஜிப் சரியாக மூடியிருக்கிறதா என்று மறுபடி இழுத்துப் பார்த்தார்.